பழைய மேனுவல் லென்ஸ ஏ6000-ல மாட்டலாமா, மாட்டினா எப்படி ஃபோகஸ் பண்றது

கேள்விய சுருக்கமா திரும்ப எழுதிடறேன், அப்பதான் பதில் புரியும். கையில சோனி ஏ6000, கூட வந்த 16-50 கிட் லென்ஸ். சித்தப்பா ஸ்டுடியோவ மூடினப்போ அலமாரியில இருந்து மூணு பழைய லென்ஸ் கிடைச்சிருக்கு: ஜெனிட் கேமராவோட வந்த ஹீலியோஸ் 44-2, பென்டாக்ஸ் கே1000-ல இருந்த 50 எஃப்/2, ஒரு நிக்கார் 135 எஃப்/2.8 ஏஐ-எஸ். இதெல்லாம் மாட்டலாமா, கேமராவுக்கு ஏதாவது ஆயிடுமா, அடாப்டருக்குள்ள (லென்ஸயும் கேமராவையும் இணைக்கிற வளையம்) லென்ஸ் மாதிரி ஒரு கண்ணாடி இருந்தாதான் சரியா வரும்னு கடைக்காரர் சொல்றார் உண்மையா, ஃபோகஸ் எப்படி பண்றது, இல்ல பேசாம சோனி 50 எஃப்/1.8 வாங்கிடலாமா. கூடவே, ஃபோகஸே பண்ணாம தெருவுல எடுக்கலாமா, பழசுல 24 மி.மீ. வைடு லென்ஸ் தேடலாமா. இதுதான கேள்வி.

மாட்டலாம், மூணுமே வேலை செய்யும், கேமராவுக்கு ஒண்ணும் ஆகாது, கண்ணாடி தேவையில்ல. ஆனா இன்னிக்கே மூணு அடாப்டர் ஆர்டர் போட்டுடாதீங்க. பென்டாக்ஸ் 50-ல மட்டும் ஆரம்பிங்க, ஏன்னு கீழ சொல்றேன். அப்புறம், உங்களுக்கு லென்ஸ் தேவைப்படறதே வீட்ல ஓடிக்கிட்டே இருக்கிற குழந்தைய எடுக்கத்தான்னா இந்த வேலையே வேணாம், அந்த சோனி 50-யவே (பேர்ல ஓஎஸ்எஸ்னு இருக்கிறத) வாங்குங்க, அதுல ஆட்டோஃபோகஸும் இருக்கு, கை ஆட்டத்த சரிக்கட்டற ஓஎஸ்எஸ் ஸ்டெபிலைசேஷனும் இருக்கு, ஏ6000 பாடிக்குள்ள ஸ்டெபிலைசேஷன் கிடையாதுங்கிறதால பழைய லென்ஸ் எதப் போட்டாலும் அந்த ரெண்டும் உங்களுக்கு கிடைக்காது. இத மொதல்லயே சொல்லிடறது நல்லது, ஏன்னா நிறைய பேர் "விலை கம்மில எஃப்/2 லென்ஸ்"னு நினைச்சு இறங்கிட்டு ரெண்டு வாரத்துல வித்துடறாங்க. அசையாம உக்காந்திருக்கிற ஆள், பூ, பாத்திரம், ஜன்னல் வெளிச்சம், தெருவோரக் கடை, கோயில் தூண், இந்த மாதிரி நிதானமா எடுக்கிற விஷயம் உங்களுக்குப் பிடிக்கும்னா மேல படிங்க, உங்களுக்கு இது நிச்சயமா பிடிக்கும்.

கண்ணாடி விஷயத்த முதல்ல முடிச்சிடுவோம். ஒவ்வொரு லென்ஸும் தன்னோட மவுன்ட்ல இருந்து ஃபிலிம் அல்லது சென்சார் வரைக்கும் ஒரு குறிப்பிட்ட தூரத்துல உக்காந்தாதான் தொலைவுல இருக்கிறது ஷார்ப்பா விழும், அத ஃப்ளாஞ்ச் தூரம்னு சொல்வாங்க. பழைய எஸ்எல்ஆர் கேமராவுல நடுவுல முகம் பாக்கிற கண்ணாடி மாதிரி ஒரு மிரர் மேலயும் கீழயும் ஆடணும், அதனால தூரம் அதிகம். ஹீலியோஸோட எம்42 மவுன்ட்டுக்கு 45.46 மி.மீ., பென்டாக்ஸ் கே மவுன்ட்டுக்கும் அதே 45.46 (இத ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி ஒரு உபயோகம் இருக்கு), நிக்கான் எஃப்-க்கு 46.5. உங்க சோனி இ மவுன்ட்ல ஆடுற மிரரே இல்ல (அதனாலதான் மிரர்லெஸ்னு பேர்), அதனால வெறும் 18 மி.மீ. மிச்சம் இருக்கிற 27, 28 மி.மீ.-க்கு உள்ள ஒண்ணும் இல்லாத ஒரு உலோகக் குழாய் போட்டா போதும், அதுதான் அடாப்டர். கடைக்காரர் சொல்றது டிஎஸ்எல்ஆர் காலத்துக் கதை. எம்42 லென்ஸ நிக்கான் பாடியில மாட்டணும்னா நிக்கானோட தூரமே எம்42-வ விட 1 மி.மீ. அதிகம், லென்ஸ் தேவைக்கு மேல தள்ளிப் போயிடும், தொலைவுல இருக்கிறது ஃபோகஸ் ஆகாது, அத சரிக்கட்டத்தான் அடாப்டருக்குள்ள சின்னதா ஒரு கண்ணாடி வெச்சாங்க, அது படத்தையும் கெடுத்துச்சு. கேனான் இஎஃப் 44 மி.மீ.ங்கிறதால அதுல எம்42 கண்ணாடி இல்லாமலே உக்காந்துச்சு. 2008-ல பானசோனிக் ஜி1, 2010-ல சோனி நெக்ஸ்-3, நெக்ஸ்-5 எல்லாம் வந்தப்புறம் கிட்டத்தட்ட எல்லா எஸ்எல்ஆர் லென்ஸும் இந்த சின்ன பாடிங்க மேல உக்கார ஆரம்பிச்சிடுச்சு. 2011-ல சோனி ஃபோகஸ் பீக்கிங் (ஷார்ப்பா தெரியிற விளிம்புல திரையில கலர் அடிச்சுக் காட்டற வசதி) கொடுத்ததும்தான் இது பெரிய அளவுல பரவுச்சு.

கேமராவுக்கு ஆபத்து இருக்கான்னா, இந்த மூணு லென்ஸுலயும் மின்சாரமே இல்ல, கேமராவோட காண்டாக்ட்ட தொடப்போறதும் இல்ல, அதனால அந்தப் பக்கம் பயமே வேணாம். பின்பக்கக் கண்ணாடி ரொம்ப உள்ள நீட்டிக்கிட்டு இருக்கிற சில ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ் இருக்கு, சோவியத் ஜூபிடர்-12 35 மி.மீ. மாதிரி, அத எந்த பாடியிலயும் பாத்து பாத்துதான் மாட்டணும். உங்களோடது எதுவும் அப்படி இல்ல. ரெண்டு விஷயத்துல மட்டும் கவனமா இருங்க. ஒண்ணு, மிரர்லெஸ்ல சென்சார் எப்பவும் வெளிச்சத்துக்குத் திறந்தே இருக்கும், பழைய லென்ஸ்ல அபர்ச்சர் (வெளிச்சம் போற துளை, எஃப் நம்பர் சின்னதா இருந்தா துளை பெருசு) நீங்க வெச்ச இடத்துலயே நிக்கும், எஃப்/2-ல திறந்து வெச்சு மூடி போடாம சூரியனப் பாத்த மாதிரி ட்ரைபாட்ல நிறுத்திட்டுப் போகாதீங்க. ரெண்டு, பிடிக்கிற விதம். ஏ6000 பேட்டரியோட 344 கிராம்தான், நிக்கார் 135 மட்டுமே 400 கிராமுக்கு மேல, அடாப்டர் வேற. பாடிய வலது கையில தொங்கவிடாம இடது கையால லென்ஸத் தாங்கிப் பிடிங்க, கழுத்துல மாட்டி நடக்கும்போதும் அப்படித்தான். மவுன்ட்டு தளர்றது பெரும்பாலும் இங்கதான் ஆரம்பிக்குது.

மாட்டின உடனே "லென்ஸ் இல்ல"ன்னு சொல்லி ஷட்டர் அடிக்காது, பயந்துடாதீங்க. கியர் படம் போட்ட கஸ்டம் மெனுவுல 'ரிலீஸ் வித்அவுட் லென்ஸ்'னு ஒண்ணு இருக்கும், அத எனேபிள் பண்ணுங்க. ஃப்யூஜியில இதே 'ஷூட் வித்அவுட் லென்ஸ்'னு இருக்கும். மோடு டயல் 'ஏ'-ல வெச்சா நீங்க லென்ஸ்ல அபர்ச்சர் வளையத்தத் திருப்பத் திருப்ப கேமரா ஷட்டர் ஸ்பீட மாத்திக்கும், எக்ஸ்போஷர் பெரும்பாலும் சரியாவே வரும். ஆனா ஏ6000-ல ஒரு சிக்கல் இருக்கு, லென்ஸ் எத்தன மி.மீ.-ன்னு கேமராவுக்குத் தெரியாது, ஆட்டோ ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி சென்சிட்டிவிட்டிய கேமராவே மாத்திக்கிறது) போட்டா வெளிச்சம் கம்மியா இருக்கும்போது ஷட்டர் 1/60 செகண்ட்லயே உக்காந்துக்கும். 50 மி.மீ. லென்ஸுக்கு ஸ்டெபிலைசேஷன் இல்லாம 1/60 பத்தாது, நிறைய பேர் "லென்ஸ் மொத்தையா இருக்கு"ன்னு குத்தம் சொல்ற படத்துல பாதி கை ஆடின படம்தான். அதனால 'எம்' மோடுக்கு மாத்தி, ஷட்டர் 1/125 அல்லது 1/160, ஐஎஸ்ஓ ஆட்டோ, அபர்ச்சர் லென்ஸ்ல உங்க இஷ்டம், இப்படி வெச்சா வெளிச்சத்த கேமரா பாத்துக்கும் நீங்க ஃபோகஸ மட்டும் பாக்கலாம். 135-க்கு 1/250-க்குக் கீழ இறங்காதீங்க, முடிஞ்சா 1/400. (ஏ6500, ஏ6600 மாதிரி பாடிக்குள்ளயே ஸ்டெபிலைசேஷன் இருக்கிற கேமரா வெச்சிருக்கவங்க ஃபோகல் லென்த்த கையால போட்டுக் குடுக்கணும், அங்க லென்ஸ்ல எழுதியிருக்கிற நம்பரையே போடணும், 1.5-ஆல பெருக்கினது இல்ல.)

இப்ப ஃபோகஸ். எல்லாரும் முதல்ல பீக்கிங்க ஆன் பண்ணி சிவப்பு கலர் மினுமினுக்கிறதப் பாத்து அடிச்சிடறாங்க, வீட்டுக்கு வந்து பெருசாக்கிப் பாத்தா கண்ணுக்கு பதிலா காது ஷார்ப்பா இருக்கு. பீக்கிங் என்ன பண்ணுதுன்னா எங்க கான்ட்ராஸ்ட் கூடுதலா இருக்கோ அங்க கலர் அடிக்குது, அவ்வளவுதான், அது ஃபோகஸ அளக்கல. சேலை ஜரிகை, முடி, வேலிக்கம்பி இதெல்லாம் கொஞ்சம் ஃபோகஸ் தப்பினாலும் மினுக்கும், குழந்தை கன்னம் சரியா ஃபோகஸ்ல இருந்தாலும் மினுக்காது. கணக்கு போட்டுப் பாருங்க: 58 மி.மீ. லென்ஸ எஃப்/2-ல வெச்சு ஒன்றரை மீட்டர்ல இருக்கிற முகத்த எடுத்தா ஷார்ப்பா இருக்கிற ஆழம் மொத்தமே சுமார் 5 செ.மீ.தான். மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் நடுவுல இருக்கிற தூரமே கிட்டத்தட்ட அவ்வளவு வந்துடும். பீக்கிங்கோட சிவப்பு பட்டை அத விட அகலமா இருக்கும், அப்ப எப்படி நம்பறது.

நான் சொல்ற வழி இது. பீக்கிங் லெவல 'லோ'-ல வைங்க. ரா ஃபைல்ல (சென்சார் பதிஞ்சத அப்படியே சேமிக்கிறது) எடுங்க, கிரியேட்டிவ் ஸ்டைல கருப்பு வெள்ளையில வைங்க, இப்ப வியூஃபைண்டர்ல படம் கருப்பு வெள்ளையா தெரியும், பீக்கிங்கோட சிவப்போ மஞ்சளோ மட்டும் தனியா எடுத்துக்காட்டும், ராவுல கலர் முழுசா பத்திரமா இருக்கும். பீக்கிங்க 'ஏறக்குறைய இங்க'ன்னு காட்டறதுக்கு மட்டும் வெச்சுக்கோங்க. உறுதிப்படுத்தறது மேக்னிஃபையர்ல. கஸ்டம் பட்டன் ஒண்ணுக்கு, சி1-க்கோ நடு பட்டனுக்கோ, 'ஃபோகஸ் மேக்னிஃபையர்' குடுத்துடுங்க. சோனியோட சொந்த லென்ஸ்ல வளையத்தத் திருப்பினா தானா பெருசாகும், பழைய லென்ஸ்ல காண்டாக்ட் இல்லாததால அது நடக்காது, பட்டன்தான் கதி. அழுத்தினா கிட்டத்தட்ட 6 மடங்கு, இன்னொரு தடவை 12 மடங்கு. 6 மடங்கே போதும், 12-ல கை நடுக்கம்தான் பெருசா தெரியும். கண் இமை முடிய வெச்சு வளையத்த ஷார்ப்ப தாண்டிக் கொஞ்சம் போய், திரும்ப வந்து, நடுவுல நிறுத்துங்க. பழைய லென்ஸோட பெரிய சுகமே இங்கதான் இருக்கு, வளையம் நீளமா மெதுவா திரும்பும், விரலுக்கு எவ்வளவு திருப்பினா எவ்வளவு நகரும்னு கொஞ்ச நாள்ல தெரிஞ்சிடும், மோட்டார் வழியா ஓடுற புது லென்ஸ்ல அந்தப் பிடிப்பு வராது. ஷட்டர பாதி அழுத்தினா முழு ஃப்ரேம் திரும்ப வரும், அடிங்க. முன்ன பின்ன ஆடுற ஆளா இருந்தா கன்டினியூவஸ்ல வெச்சு மூணு நாலு அடிங்க, அதுல ஒண்ணு விழும்.

இன்னொண்ணு, வியூஃபைண்டர் பக்கத்துல இருக்கிற சின்ன டயாப்டர் சக்கரம். அத உங்க கண்ணுக்கு ஏத்த மாதிரி, திரையில தெரியிற எழுத்து கூர்மையா தெரியிற வரைக்கும் திருப்பி வைங்க. அது தப்பா இருந்தா மேல சொன்னது எதுவும் வேலைக்கு ஆகாது.

எந்த அபர்ச்சர்ல ஃபோகஸ் பண்றதுங்கிறதும் முக்கியம். எஃப்/2, எஃப்/2.8-ல எடுக்கப்போறீங்கன்னா அதே அபர்ச்சர்ல ஃபோகஸ் பண்ணி அங்கயே அடிங்க, ஏன்னா பழைய வேகமான லென்ஸ் சிலதுல அபர்ச்சர மூடும்போது ஃபோகஸ் லேசா பின்னாடி நகரும். எஃப்/5.6, எஃப்/8-ன்னா முழுசா திறந்து ஃபோகஸ் பண்ணிட்டு அப்புறம் மூடுங்க, மூடி வெச்சுட்டு பாத்தா எல்லாமே ஷார்ப்பா தெரியும், பீக்கிங் எல்லா இடத்துலயும் மினுக்கும், எங்க இருக்கீங்கன்னே புரியாது. ஃபிலிம் கேமராவுல அபர்ச்சர மூடினா வியூஃபைண்டர் இருட்டாயிடும், இதுல கேமரா தானா வெளிச்சத்த ஏத்திக் காட்டும், அந்த வகையில நம்ம நிலைமை தேவலாம்.

ஃபோகஸே பண்ணாம தெருவுல எடுக்கலாமா, லென்ஸ்ல தூரம் எழுதியிருக்கேன்னு கேட்டிருக்கீங்க. எடுக்கலாம், ஆனா லென்ஸ் மேல இருக்கிற டெப்த் கோடு எல்லாம் 35 மி.மீ. ஃபிலிமுக்குப் போட்டது. உங்க ஏபிஎஸ்-சி சென்சார் அந்த ஃபிலிம விட சின்னது, அதுல படத்த கூடுதலா பெருசாக்குறோம், அதனால ஒரு ஸ்டாப் குறைச்சுப் படிங்க, எஃப்/8-ல எடுத்தா எஃப்/5.6 கோட்டப் பாருங்க. உங்ககிட்ட இருக்கிற லென்ஸ்ல இது அவ்வளவா உதவாது. 28 மி.மீ. லென்ஸ எஃப்/8-ல 3 மீட்டர்ல வெச்சா சுமார் 1.9 மீட்டர்ல இருந்து 7.7 மீட்டர் வரைக்கும் எல்லாம் ஷார்ப், கண்ண மூடிக்கிட்டு அடிக்கலாம். அதே எஃப்/8, அதே 3 மீட்டர், லென்ஸ் மட்டும் 58-ன்னா 2.6-ல இருந்து 3.5 வரைக்கும்தான்.

இனி உங்க மூணு லென்ஸ ஒவ்வொண்ணா பாப்போம். சென்சார் சின்னதுங்கிறதால ஏ6000-ல எல்லாத்தையும் 1.5-ஆல பெருக்கிக்கோங்க: 50 வந்து 75 மாதிரி, 58 வந்து 87 மாதிரி, 135 வந்து 200-க்கு மேல. அதாவது மூணுமே முகம் எடுக்கிற லென்ஸ், இல்ல அதுக்கும் நீளம். ஒரு சின்ன ரூமுக்குள்ள குடும்பம் மொத்தத்தையும் எடுக்கணும்னா எதுவும் ஆகாது, அதுக்கு அந்த கிட் லென்ஸத்தான் போடணும்.

பென்டாக்ஸ் 50 எஃப்/2-ல ஆரம்பிங்கன்னு சொன்னதுக்குக் காரணம் அது எளிமையான லென்ஸ், அஞ்சே கண்ணாடி, 170 கிராம், 45 செ.மீ. வரைக்கும் கிட்ட போகும், ஏ6000 மேல அழகா பொருந்தும். கே1000 1976-ல இருந்து 1997 வரைக்கும் உற்பத்தில இருந்த கேமரா, அதோட இந்த 50-யும் ஏராளமா வந்துச்சு, அதனாலயே யாரும் மதிக்கிறதில்ல, எல்லாரும் 1.7, 1.4-னு ஓடறாங்க. ஆனா பென்டாக்ஸோட எஸ்எம்சி கோட்டிங் இருக்கே, 1971-ல எல்லா கண்ணாடிக்கும் பல அடுக்கு கோட்டிங் கொண்டு வந்தவங்க அவங்க, எதிர் வெளிச்சத்துல ஹீலியோஸ் வெளிறிப்போற இடத்துல இது நிக்கும். எஃப்/2-ல கொஞ்சம் மென்மை, வெள்ளை விளிம்புல ஊதா கோடு வரும், எஃப்/4-ல நடு நல்லா இறுகிடும், எஃப்/5.6-ல மூலை வரைக்கும் குறை சொல்ல முடியாது. ஏபிஎஸ்-சி சென்சார் லென்ஸோட நடுப்பகுதிய மட்டும்தான் எடுத்துக்குதுங்கிறதால மோசமான மூலைங்க நம்ம படத்துக்குள்ளயே வராது.

ஹீலியோஸ் 44-2 பத்தி நீங்க வீடியோ பாத்து ஆசைப்பட்டிருப்பீங்க, பின்னாடி இலை எல்லாம் சுழல்ற மாதிரி வரும்னு. சொல்லிடறேன், ஏ6000-ல அந்தச் சுழல் பெருசா வராது. அது ஃப்ரேமோட ஓரத்துல நடக்கிற விஷயம், ஓரத்துக்குப் போகப் போக வெளிச்ச வட்டம் லென்ஸ் குழாயால வெட்டுப்பட்டு பூனைக்கண் வடிவமாகி நடுவ சுத்தி வளைஞ்சு நிக்கும், நம்ம சென்சார் அந்த ஓரத்தத்தான் வெட்டி எறியுது. ஆள் ரெண்டு மீட்டர்ல, அவருக்குப் பின்னால நல்லா தள்ளி இடைவெளி விட்ட இலைக்கூட்டம், அபர்ச்சர் முழுசா திறந்து, இப்படி வெச்சா லேசா தெரியும், அவ்வளவுதான். ஆனா அதுக்காக அத ஒதுக்காதீங்க. இது 1930கள்ல ஜெர்மனியில ஸைஸ் கம்பெனி போட்ட பையோடார் 58 எஃப்/2-வோட வழி வந்தது, போருக்கப்புறம் சோவியத் ஃபேக்டரிங்க லட்சக்கணக்குல பண்ணுச்சு, ஜெனிட்-இ கேமரா மட்டுமே 30 லட்சத்துக்கு மேல தயாரிச்சிருக்காங்க, அதனாலதான் இன்னிக்கும் எங்க பாத்தாலும் கிடைக்குது. முகத்துக்கு அது தர்ற கலரும் மென்மையும் எனக்கு ரொம்பப் பிடிக்கும், எட்டு பிளேடு அபர்ச்சர், போக்கே (பின்னாடி கலங்கித் தெரியிற வெளிச்சப் புள்ளி) வட்டமா வரும். இதுல ரெண்டு அபர்ச்சர் வளையம் இருக்கும், குழம்பாதீங்க: ஒண்ணு டக் டக்குனு நிக்கும், அதுல எஃப்/4-னு வெச்சா, இன்னொண்ண வழுக்கித் திருப்பினா எஃப்/2-க்கும் எஃப்/4-க்கும் நடுவுல மட்டும் போய் வரும். திறந்து ஃபோகஸ், கண்ணெடுக்காம மூடி, அடி. மிரர்லெஸ்க்குன்னே பண்ணின மாதிரி இருக்கும் இந்த ஏற்பாடு. பழைய கோட்டிங்தான், அதனால ஹூட் (பக்கவாட்டு வெளிச்சத்த மறைக்கிற குழல்) கட்டாயம், 49 மி.மீ. ரப்பர் ஹூட் போதும், பென்டாக்ஸுக்கும் அதே 49தான்.

முன்ன ஞாபகம் வெச்சுக்க சொன்ன 45.46 இங்கதான் வருது. எம்42-வும் பென்டாக்ஸ் கே-வும் ஒரே தூரம்ங்கிறதால, கே மவுன்ட் அடாப்டர் ஒண்ணு நல்லதா வாங்கிட்டு, அதுக்குள்ள உக்கார்ற ஒரு மெல்லிய எம்42 வளையம் போட்டா ஹீலியோஸும் அதுலயே மாட்டும். வெளி விளிம்பு இல்லாம உள்ள முழுசா இறங்கி உக்கார்ற வளையமா வாங்கணும், விளிம்பு வெச்ச மலிவு வளையம் லென்ஸ 1 மி.மீ. தள்ளி வெச்சிடும், தொலைவு ஃபோகஸ் போயிடும். அடிக்கடி மாத்தி மாத்திப் போடறதுன்னா வளையத்த எடுக்கிறது தொல்லை, அப்ப தனியா எம்42 அடாப்டர் வாங்கிடுங்க. ஒரு எச்சரிக்கை, பழைய ஜெனிட் லென்ஸ் சிலது எம்39 திருகு, அதே 39 மி.மீ. திருகுல லைக்கா வகை லென்ஸும் இருக்கு, ஒண்ணுக்கு 45 மி.மீ. தூரம் இன்னொண்ணுக்கு 28.8, திருகு சரியா ஏறும் ஆனா ஃபோகஸ் மட்டும் வராது. வேற பழைய லென்ஸ் வாங்கும்போது இதக் கேட்டு வாங்குங்க. லைக்கா வகை லென்ஸோட நன்மை என்னன்னா அடாப்டர் 11 மி.மீ. கூட இருக்காது, இந்த மாதிரி சின்ன கேமராவுக்கு ஜூபிடர்-8, இண்டஸ்டார்-61 எல்லாம் பாக்கெட்ல போடற அளவுல வரும், ஆனா 1 மீட்டருக்குக் கிட்ட போக முடியாது.

நிக்கார் 135 எஃப்/2.8 மூணுலயும் தரமா பண்ணின லென்ஸ், ஹூட் அதுக்குள்ளயே இழுத்து விடற மாதிரி இருக்கும். ஆனா முதல்ல இத எடுக்காதீங்க, 200-க்கு மேல போன பார்வை, ஸ்டெபிலைசேஷன் இல்ல, மேக்னிஃபையர்ல படம் துள்ளும், வெறுத்துடுவீங்க. கை பழகினப்புறம் கச்சேரி மேடைக்கு இது அருமையான லென்ஸ், பாடறவங்க ஒரே இடத்துல உக்காந்திருக்காங்க, ஒரு தடவை ஃபோகஸ் பண்ணிட்டா முகபாவத்துக்கு மட்டும் காத்திருந்தா போதும். ஏ6000-ல சத்தமில்லாத ஷட்டர் இல்ல, அதனால ஆலாபனையில அடிக்காதீங்க, தனி ஆவர்த்தனத்துல அடிங்க. நிக்கான் அடாப்டர்லயே ஒரு அபர்ச்சர் வளையம் வெச்சு வரும், அது வளையமே இல்லாத பிந்தைய 'ஜி' லென்ஸுக்கு. உங்க லென்ஸ்ல வளையம் இருக்கிறதால சாதா அடாப்டரே போதும்.

வருஷக்கணக்கா அலமாரியில இருந்த லென்ஸ்னு சொன்னீங்க, எனக்கு உண்மையான கவலை அங்கதான். அடாப்டர் வாங்கறதுக்கு முன்னாடியே இதப் பாத்துடுங்க. அபர்ச்சர முழுசா திறந்து, பின்பக்கம் இருந்து செல்போன் டார்ச் அடிச்சு, முன்பக்கமா சாய்வா பாருங்க. சிலந்தி நூல் மாதிரி கிளை கிளையா தெரிஞ்சா ஃபங்கஸ், பனி மூட்டம் மாதிரி மொத்தமா வெளிறியிருந்தா ஹேஸ், வானவில் கலர்ல ஓரத்துல திட்டு இருந்தா ஒட்டின கண்ணாடி பிரிஞ்சிருக்கு. நாலு தூசிக்கு பயப்படாதீங்க, படத்துல தெரியவே தெரியாது. ஓரத்துல லேசான ஃபங்கஸும் படத்த பெருசா கெடுக்காது, ஆனா விட்டா கோட்டிங்க அரிச்சிடும், அப்புறம் துடைச்சாலும் தழும்பு நிக்கும், அதனால சீக்கிரம் லென்ஸ் பிரிச்சு சுத்தம் பண்ணத் தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட குடுங்க. ஹேஸ் இருந்தா கான்ட்ராஸ்ட் மொத்தமா போயிடும், அத சுத்தம் பண்ணாம அந்த லென்ஸ எடை போடாதீங்க. வளையம் ரொம்ப இறுக்கமா திரும்பினா உள்ள கிரீஸ் கெட்டியாயிடுச்சு, சோவியத் லென்ஸ்ல இது சகஜம், கிரீஸ் மாத்தினா புதுசு மாதிரி ஆகும். அபர்ச்சர் பிளேடுல எண்ணெய் பளபளப்பு தெரிஞ்சா, ஃபிலிம் கேமராவுல அது பெரிய குறை, ஏன்னா ஷட்டர் அடிக்கிற கணத்துல பிளேடு பட்டுனு மூடணும். நமக்கு முன்னாடியே கையால மூடிக்கிறோம், அதனால உடனே பிரச்சனை இல்ல.

கடலோர ஊர்லயோ மழைக்கால ஈரத்துலயோ இருக்கிறவங்க அந்தப் பழைய தோல் கவர்ல லென்ஸ வெக்கவே கூடாது, தோல் ஈரத்தப் பிடிச்சு வெச்சுக்கும், ஃபங்கஸ் அங்கதான் செழிக்கும். காத்து புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், கூட ஒரு சின்ன ஈரப்பத மீட்டர், 40-ல இருந்து 50 சதவீதத்துக்குள்ள வெச்சிருங்க. ஜெல் நிறம் மாறினா சூடுபண்ணி காயவெச்சு திரும்பப் போடலாம். எல்லாத்துக்கும் மேல, லென்ஸ அடிக்கடி எடுத்து உபயோகிங்க.

அடாப்டர்ல விலை ரொம்பக் கம்மியா இருக்கிறத எடுக்காதீங்க. மாட்டினா லென்ஸ் ஆடக் கூடாது, உள் சுவர் பளபளன்னு இருக்கக் கூடாது. உள்ள பளபளப்பா இருந்தா வெளிச்சம் சுவத்துல பட்டு சென்சார்ல சிதறும், படம் வெளிறும், பழியெல்லாம் பாவம் லென்ஸ் மேல விழும். அப்படி வந்துட்டா உள்பக்கம் மேட் கருப்பு வெல்வெட் ஸ்டிக்கர் ஒட்டினா சரியாயிடும். வந்த அன்னிக்கே தொலைவுல ஒரு செல்போன் டவர எஃப்/2-ல மேக்னிஃபையர் போட்டுப் பாருங்க. பெரும்பாலான அடாப்டர் வேணும்னே கொஞ்சம் குட்டையா பண்ணியிருப்பாங்க, அதனால இன்ஃபினிட்டி குறிக்குக் கொஞ்சம் முன்னாடியே டவர் ஷார்ப்பாயிடும், அது பரவாயில்ல, லென்ஸ்ல எழுதியிருக்கிற தூரத்த மட்டும் நம்பாதீங்க. குறி வரைக்கும் போயும் ஷார்ப் ஆகலன்னா அடாப்டர் நீளம் அதிகம், திருப்பி அனுப்பிடுங்க.

கண்ணாடி வெச்ச அடாப்டர்ல நல்ல வகை ஒண்ணு இருக்கு, ஃபோகல் ரெட்யூசர். 2013-ல மெட்டாபோன்ஸ் ஸ்பீட் பூஸ்டர்னு வந்துச்சு, அப்புறம் சீனக் கம்பெனிங்க விலை கம்மியா பண்ண ஆரம்பிச்சாங்க. லென்ஸ் வீசுற பெரிய வட்டத்த 0.71 மடங்கா சுருக்கி சின்ன சென்சார்ல விழ வெக்கும், உங்க 50 எஃப்/2 கிட்டத்தட்ட 35 எஃப்/1.4 ஆயிடும், வெளிச்சம் ஒரு ஸ்டாப் கூடும், ஹீலியோஸோட சுழலும் திரும்பி வரும். மலிவு ரெட்யூசர்ல மூலை குழையும், அபர்ச்சர மூடி எதிர் வெளிச்சத்துல எடுத்தா நடுவுல நீலப் பொட்டு விழலாம். ஹீலியோஸ் மேல காதல் வந்தப்புறம் வாங்குங்க, இப்ப வேணாம்.

கடைசியா வைடு லென்ஸ் கேட்டிருந்தீங்க, பழசுல 24 மி.மீ. தேடலாமான்னு. தேடாதீங்க. 24 இங்க 36 மாதிரிதான் ஆகும், விலையும் 50 மாதிரி மலிவா இருக்காது, ஓரம் கலங்கும், உங்க 16-50 கிட் லென்ஸே 16-ல எஃப்/8 வெச்சா அத விட நல்லா எடுக்கும். மேனுவலாவே வேணும்னா 7ஆர்ட்டிசன்ஸ், டிடிஆர்ட்டிசன் மாதிரி சீனக் கம்பெனிங்க இ மவுன்ட்லயே நேரடியா மாட்டற சின்ன லென்ஸ் பண்றாங்க, அடாப்டரே வேணாம். ஆனா அதுக்கு முன்னாடி அந்த பென்டாக்ஸ் 50-ய ரெண்டு மூணு மாசம் கழட்டாம போட்டு எடுங்க, எந்த எஃப்-ல எடுத்தீங்கன்னு எக்ஸிஃப்ல (படத்தோட ஃபைல்லயே பதியிற விவரம்) பதியாது, அதனால முக்கியமான படத்துக்கு போன்ல குறிச்சு வெச்சுக்கோங்க. எடுத்ததுல ரெண்டு மூணு படத்த இங்க போடுங்க, ஃபோகஸ் எங்க விழுந்திருக்குன்னு சேர்ந்து பாக்கலாம்.